வாய் மூடி இருந்த ஐந்து நாள்

வெள்ளவத்தையில் 22 வருடமாகக் கணித ரியூஷன். காலி வீதி பஸ் ஹோர்னோடு போட்டி போட்டுக் கத்தியதில் குரல் நாணில் ஒரு பொலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி, முளைத்தது. இப்போது எடுத்தாயிற்று. இதே ஒபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கழுத்தில் வெட்டு இல்லை. முழு மயக்கத்தில், வாய் வழியாக ஓர் உலோகக் குழாயை விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்கிறார்கள். அந்தக் குழாய் மேற்பல்லில் அழுத்தும் என்பதால், ஆடுகிற பல், கட்டிய பல் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். அஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்கிறார்களோ, பால் தேநீரும் அந்தக் கணக்கில்தான். விடியவே ஒரு கோப்பை குடித்துவிட்டு வந்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அன்றைக்கு ஒபரேஷன் நடக்கவில்லை.

உண்மையான ஆயத்தம் மௌனத்துக்குத்தான். எனக்கு டொக்டர் சொன்னது ஐந்து நாள். உங்களுக்குக் கூடக் குறைய இருக்கலாம். 'தொண்டை ஒபரேஷன், பேசக்கூடாது' என்று ஒரு மட்டையில் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்களத்திலும் எழுதி வைத்தேன். அதை வாசித்த த்ரீவீல்காரரும் மரக்கறிக் கடைக்காரரும் ஏனோ தாங்களும் கையால் பேசத் தொடங்கினார்கள்.

குசுகுசுப்பது ஓய்வல்ல. மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி எடுத்தார். மனம் கேட்காமல், "நல்லா இருக்கிறன் மாமி" என்று மெல்லமாகச் சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்கே தொண்டை இறுகி வலித்தது. அதோடு போன் மகன் கைக்குப் போனது.

செருமுவது அதைவிடக் கெடுதி, நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று அறைபடும். செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குடிக்கும் தண்ணீர் நாணில் படாது, அது உணவுக் குழாய்க்குப் போகிறது. உடம்பில் நீர் இருந்தால்தான் நாண் ஈரமாக இருக்கும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கொத்தமல்லி அவித்த தண்ணீரும் குடித்தேன். அற்புதம் ஒன்றுமில்லை, அதுவும் தண்ணீர்தான்.

சாப்பாடு சொதியில் ஊறிய இடியப்பம், பாண். அமிலம் மேலே ஏறி நாணைச் சுடாமலிருக்க, படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்தேன். குழாய் அழுத்தியதில் நாக்கு மரத்து, ஒரு வாரம் தேநீர் இரும்பு மாதிரி இருந்தது, பிறகு சரி. மூச்சு முட்டினால், அல்லது சிவப்பாக இரத்தம் வந்தால், காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்குப் போன் எடுத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

ஆறாம் நாள், மணித்தியாலத்துக்குச் சில நிமிடம் மட்டும் பேச்சு. குரல் யாரோ ஒருவருடையது போலக் கரகரத்தது. எடுத்த துண்டின் பரிசோதனை அறிக்கையைக் கிளினிக்கில் காட்டிவிட்டு, பேச்சுச் சிகிச்சையாளரிடமும் போனேன். மூச்சை எங்கே எடுப்பது என்று அவர்தான் பழக்கினார்.

வகுப்பு ஏழாவது வாரம். இடுப்பில் கட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடைசி வாங்குப் பையன்களுக்கு, கேட்கவில்லை டீச்சர் என்று சொல்லித் தப்ப இனி வழியில்லை.