வானத்துக்கு எது மேல் பக்கம்? வெட்டி ஒட்டும் படப்புதிரில் தவிர்க்க வேண்டியவை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் யு.கே.ஜி.க்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். இரண்டாவது வாரமே படப்புதிர் ஒன்று தயாரித்து என்னிடம் காட்டினார். வெட்டி ஒட்டுகிற வகை: ஒரு தாளில் படத்துண்டுகள், இன்னொரு தாளில் ஒட்டுவதற்குக் காலிக் கட்டங்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே புதிர், அதே தப்போடு.

கத்தரிக்கோல் முனை மழுங்கலாக இருக்க வேண்டும், பசையை வாயில் வைக்க விடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்க்காமல் கோடு போடுவது

அன்று நான் எடுத்தது யானைப் படம். கீழே புல், நடுவில் யானை, மேலே நீல வானம். கம்ப்யூட்டரில் படத்தின் மேல் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டேன், ஒன்பது துண்டு தயார். நாற்பது பிள்ளைகளுக்கும் என் காசில் கலர் பிரின்ட்.

நடு வரிசை யானையைப் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் சேர்த்துவிட்டார்கள். மிச்சம் மூன்று துண்டு வெறும் வானம், மூன்று துண்டு வெறும் புல். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், வானத்துக்கு எது மேல் பக்கம்?" என்று கேட்டான். "நல்லாப் பாரு, தெரியும்" என்றேன். அவன் நன்றாகத்தான் பார்த்தான். அதில் பார்க்க என்ன இருந்தது? ஏதோ ஒட்டினான். நான் ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, வானம் இடம் மாறியிருக்கிறது என்று சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். காசு போனது போகட்டும். அந்தப் பெருக்கல் குறியை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எரிச்சல் வருகிறது.

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் பிள்ளைகள் புவியியல் படிக்க, மரப்பலகையில் வரைபடத்தை ஒட்டி அறுத்து விற்றார். அவர் அறுத்தது நாடுகளின் எல்லைக்கோட்டில். அதனால் துண்டைக் கையில் எடுத்தாலே இது இன்ன நாடு என்று தெரியும். என்னைப்போல் கட்டம் போட்டு அறுத்திருந்தால் எத்தனையோ துண்டு வெறும் கடலாகப் போயிருக்கும்.

இப்போது முதலில் வானத்தை வெட்டி எறிந்துவிடுகிறேன். யானை தாள் முழுக்க நிற்கும். செங்குத்தாக நாலே துண்டு: தும்பிக்கை, காதும் முன்காலும், வயிறு, பின்காலும் வாலும். வயிற்றுத்துண்டில் அடையாளம் கொஞ்சம் குறைவு, தலைகீழாகவும் ஒட்டிவிடுவார்கள். அதனால் முதுகில் ஒரு காக்காயை உட்காரவைத்தேன். நேர்கோடு மட்டுமே வெட்ட வேண்டியிருப்பதால் நாலரை வயதுக் கைக்கும் சரிப்படும்.

பிரின்ட் போடுவதற்கு முன் ஒரு துண்டை மட்டும் காட்டி, இது எதன் எந்தப் பாகம் என்று வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். அவர்கள் முழித்தால் கோட்டை நகர்த்துங்கள்.

துண்டில் எண் எழுதுவது

1, 2, 3, 4 என்று எழுதிவிட்டால் பிள்ளை எண்ணைப் பார்த்தே அடுக்கிவிடும், யானையைத் திரும்பியும் பார்க்காது. எண் வரிசை சொல்லிக்கொடுக்கத்தான் புதிர் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

கட்டமும் துண்டும் ஒரே அளவு

அந்த வயதில் யாரும் கோட்டின் மேலேயே வெட்டப்போவதில்லை. கட்டத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

பசையை முதலிலேயே கொடுப்பது

முதல் துண்டை எடுத்தவுடன் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் பிய்த்தால் கட்டத்தாளும் சேர்ந்து கிழியும். நாலையும் அடுக்கிவிட்டுக் கை தூக்குகிறவருக்குத்தான் என் வகுப்பில் பசை. அதையும் துண்டின் பின்னால் தடவச் சொல்லாமல், கட்டத்துக்குள் தடவச் சொல்கிறேன். மேசை தப்பிக்கிறது.

பேக் டு பேக்

ஜெராக்ஸ் கடையில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். துண்டை வெட்டும்போது பின்பக்கத்துக் கட்டமும் போய்விடும்.

மின்விசிறி

நிறுத்திவிடுங்கள். வெயிலுக்கு முடியவில்லை என்றால், துண்டுகளை ஆளுக்கொரு டிபன் பாக்ஸுக்குள் போட்டு வைக்கச் சொல்லுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம், கழுவித் துடைத்து.