'லோ மெயின்டனன்ஸ்' என்றால் கவனிக்காமல் விட்டதா?

பண்டாரவளைப் பக்கம் விற்பனைக்கு வந்த வீடொன்றின் ஆங்கில விளம்பரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'லோ மெயின்டனன்ஸ்' என்று இருந்ததை 'குறைந்த பராமரிப்புள்ள வீடு' என்று போட்டுவிட்டேன். வாசித்த பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, கூரை ஒழுகுதா? பாத்துக்காம போட்டு வச்ச வீட்டுக்கா இந்த வெல கேக்குறாங்க?"

தவறு என்னுடையதுதான். அங்கே 'லோ' என்பது நாம் வீட்டைப் பராமரித்த அளவு அல்ல. வீடு நம்மிடம் கேட்கிற அளவு. 'அதிகம் பராமரிக்கத் தேவையில்லாத வீடு' என்று எழுதியிருந்தால் கூரைப் பேச்சே வந்திருக்காது. இதற்கு நேர் எதிரான தேயிலையைப் பாருங்கள். கிழமைக்கு ஒருதரமாவது கொழுந்தெடுக்க வேண்டும், புல்லு வெட்ட வேண்டும், உரம் போட வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்ட வேண்டும். காடாகிக் கிடக்கும் தேயிலை மலையும் 'ஹை மெயின்டனன்ஸ்'தான். கவனிக்க ஆளில்லை, அவ்வளவே.

அடுத்தது வாகன பெட்டரியில் எழுதியிருக்கும் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ'. இதைப் 'பராமரிப்பு இலவசம்' என்று நினைத்துக்கொண்டு பெட்டரியைக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்பதே பொருள். முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் நாம்தான் துடைக்க வேண்டும்.

'மெயின்டனன்ஸ்' என்ற சொல்லின் வேர் லத்தீன்: 'மானுஸ்' என்றால் கை, 'தெனேரே' என்றால் பிடித்திருத்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் 'கைவிடாமல்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இதனால் மனைவி, பிள்ளைக்குக் கொடுக்கும் செலவுப் பணத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல். இலங்கையின் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது இதுவே. நீதிமன்றத் தாளில் கண்டால் 'பராமரிப்பு வேலை' என்று எழுதிவிடாதீர்கள்; நம்மூரில் அது தாபரிப்பு.

மனிதரைப் பற்றி 'ஹை மெயின்டனன்ஸ்', 'லோ மெயின்டனன்ஸ்' என்று சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். 1989இல் வெளிவந்த 'வென் ஹாரி மெட் சாலி' படத்தில் பெண்களை இப்படி இரண்டாகப் பிரித்துப் பேசும் காட்சி பிரபலமானது. 'ஹை' என்றால் எதற்கும் திருப்திப்படாதவர் என்ற குத்தல். 'லோ' பாராட்டுத்தான், ஆனாலும் நற்சான்றுக் கடிதத்தில் எழுதினால் மோட்டார் சைக்கிளைப் புகழ்வது போலிருக்கும்.

அப்புறம் எழுத்துப்பிழை. 'மெயின்டெய்ன்' என்ற வினையின் கடைசி அசையில் டி, ஏ, ஐ, என்; 'மெயின்டனன்ஸ்' என்று பெயராகும்போது அதே இடத்தில் டி, ஈ, என் மட்டும். 'லோ மெயின்டனன்ஸ்' என்ற அடைமொழி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இரண்டு சொல்லுக்கும் நடுவே சிறுகோடு. அந்த விளம்பரத்தின் ஆங்கிலத்தில் அதுவும் இல்லை.