டூஃபியின் துறைமுகப் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியர் ரவூல் டூஃபி 1877-இல் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுக நகரில் பிறந்தவர். அவருடைய துறைமுகக் கோட்டோவியத்தைக் காட்டினால், "அவசரத்துல கிறுக்கின மாதிரி இருக்கே" என்பார்கள் பலர். முதல் தவறு இதுதான். ஓவியம் படிக்கும்போது அவருக்கு வலது கை சரளமாக ஓடியது. அந்தச் சரளம் பிடிக்காமல் இடது கையால் வரையப் பழகினார். தளர்ந்து கிடக்கும் அந்தக் கோடு அவர் உழைத்துப் பெற்றது.

அடுத்தது எல்லோரும் தடுக்கி விழும் இடம்: நிறம். படகின் விளிம்பை ஓரிரு இழுப்பில் போட்டிருப்பார். கடலின் நீலமோ அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளாமல் படகுக்குள் புகுந்து, பாய்மரத்தில் பாதி வரை ஏறியிருக்கும். மலிவான காலண்டரில் கலர் விலகி விழுந்த மாதிரி! அதைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். தூரத்தில் சிவப்புப் பாவாடை கட்டிய குழந்தை ஓடினால் முதலில் கண்ணில் படுவது சிவப்புதான். உருவம் அப்புறம்தான் பிடிபடும். நிறமும் உருவமும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பதையே டூஃபி தாளில் அப்படியே விட்டுவைத்தார். 1912 முதல் பல ஆண்டுகள் பட்டுத்துணி நிறுவனம் ஒன்றுக்கு அச்சு வடிவங்களும் வரைந்தார். கோடு வேறு, நிறம் வேறு என்பது அவருக்குக் கைப்பழக்கம். அதனால் ஒரு முறை கோட்டை மட்டும் பின்தொடருங்கள். அலைக்காகப் போட்ட சின்னச் சின்ன வளைவுகளைக்கூட விடாதீர்கள். பிறகு கோட்டை மறந்து நிறத்தை மட்டும் பாருங்கள். எனக்கு இந்தப் படங்கள் திறந்தது இப்படித்தான்.

மேப்பை வைத்துக்கொண்டு "இது எந்தத் தெரு?" என்று தேடுவதும் வேண்டாம். 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் லெ ஆவ்ர் நகரின் மையப் பகுதி அழிந்தது. இன்று அங்கே நிற்பது கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே தலைமையில் எழுந்த கான்கிரீட் நகரம்.

வெற்றுத் தாளை 'முடிக்காத இடம்' என்று ஒதுக்கவும் வேண்டாம். வெயில் தாளின் வெள்ளையிலிருந்துதான் வருகிறது.

கடைசியாக, கறுப்பு. பிற்காலத்தில் டூஃபி கறுப்புச் சரக்குக் கப்பல்களை வரிசையாகத் தீட்டினார். கறுப்பைக் கண்டதும் துக்கம், போர் என்று அர்த்தம் சொல்லத் தோன்றும். அவருக்கோ உச்சி வெயில்தான் கறுப்பு. நடுப்பகலில் பளபளக்கும் கடலை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண் இருட்டிக்கொண்டு வருமே, அந்தக் கறுப்பு.