வெனிஸ் முகமூடியைச் சுவரில் மாட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் வெனிஸ் நகரில் முகமூடி அணிந்து கொண்டாடும் விழாதான் கார்னிவல். அந்த முகமூடி ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தங்கப்பூச்சிலும் இறகிலும் மயங்கி உடனே விலை பேசிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

மரபான முகமூடி பெரும்பாலும் காகிதத்தால் ஆனது. குழிவான பிளாஸ்டர் அச்சுக்குள், பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை விரலால் அழுத்தி ஒட்டி, காயவைத்து எடுப்பார்கள். இத்தாலியர்கள் இதை ‘கார்த்தாபெஸ்தா’ என்பார்கள். அதனால் பின்பக்கத்தைத் தடவினால் காகித விளிம்போ விரல் அழுத்திய மேடுபள்ளமோ தட்டுப்படும். வழவழவென்று ஒரே சீராக இருந்தால் அநேகமாக பிளாஸ்டிக். அதையும் ஆசைக்கு வாங்கலாம், ஆனால் கைவேலைக்குரிய விலை கொடுத்து வாங்காதீர்கள்.

‘ரொம்பப் பழசு’ என்ற பேச்சையும் லேசில் நம்ப வேண்டாம். முகமூடி செய்பவர்களுக்கு வெனிஸில் 1436லேயே சங்கமும் விதிகளும் இருந்தது உண்மை. ஆனால் 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின் கார்னிவல் மங்கிப்போனது. இன்றைய விழா 1980ஐ ஒட்டித்தான் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்தவை. மேலே தெரியும் நுண்விரிசல்கூட, பழைய தோற்றத்துக்காக வார்னிஷ் வைத்து வரவழைப்பதுதான். அதைப் பழுது என்று நினைத்துப் பெயிண்ட் அடித்து மூடிவிடாதீர்கள்.

காகிதம் என்பதை மறந்துவிடுவதால் வரும் நஷ்டம்தான் அதிகம். என்னிடம் இருந்த முதல் கொலம்பினாவை, அதாவது கண்ணையும் மூக்கையும் மேல்கன்னத்தையும் மட்டும் மறைக்கும் அரை முகமூடியை, தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் தங்கநிறம் ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியில் அடியிலிருந்த வெள்ளைப் பூச்சு தெரிந்தது. இரண்டு நாளில் கன்னத்து ஓரம் மேல்நோக்கி மடங்கிவிட்டது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. மிருதுவான, உலர்ந்த பிரஷ் போதும்.

மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம். காகிதமும் பசையும் இருக்கும் இடத்துக்கு ராமபாணப் பூச்சி வரும், அதனால் மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கண் துளையை ஆணியில் கோத்து மாட்டுவது இன்னொரு தவறு. கொஞ்ச நாளில் துளையின் ஓரம் பிய்ந்துவிடும். நெற்றியின் உள்வளைவு, துணி சுற்றிய கொக்கியில் உட்காரும்படி மாட்டுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே சுவரில் நெருக்கி மாட்டாதீர்கள். இறகு வைத்தவற்றின் நடுவே மொரெட்டா காணாமலே போய்விடும். கறுப்பு வெல்வெட்டில் செய்த வட்டமான பெண்கள் முகமூடி அது. வாய்த் திறப்பும் கிடையாது, கட்டும் நாடாவும் கிடையாது. உள்பக்கத்துப் பொத்தானைப் பல்லால் கடித்துத்தான் முகத்தில் நிறுத்துவார்கள், அதனால் அணிந்திருக்கும் வரை பேச முடியாது. ரிப்பன் கட்டி, பொத்தான் இல்லாமல் மொரெட்டா என்று விற்றால் வாங்காதீர்கள். சரியானது கிடைத்தால் அதற்கென்று தனிச் சுவர் கொடுங்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் கழற்றி, திருப்பி, அந்தப் பொத்தானைக் காட்டுங்கள்.