தடுப்பூசி நாளில் தாயையும் கவனிப்பது எப்படி

புதன்கிழமை காலையில் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் இருபது தாய்மார் காத்திருக்கும்போது, எடை பார்த்து, ஊசி போட்டு, அட்டையில் குறித்து அனுப்புவதற்கே கிராம சுகாதார செவிலியருக்கு நேரம் சரியாகிவிடுகிறது. ஆயினும், பிள்ளை வளர்ப்பில் ஒரு தாய் திணறுகிறார் என்பது வெளியாரின் கண்ணில் முதலில் படக்கூடிய இடமும் அதுவே. அதைக் கவனிக்கத் தனி நேரம் பெரிதாகத் தேவையில்லை.

எடை பார்க்கும்போது குழந்தையின் உடையைத் தாயே கழற்றட்டும். அந்த அரை நிமிடத்தில் அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஏதேனும் பேசுகிறாரா, அல்லது சுவரைப் பார்த்தபடி ஒரு துணி மூட்டையை அவிழ்ப்பதுபோல் அவிழ்க்கிறாரா என்று பாருங்கள். ஊசி போட்டதும் வீறிடும் குழந்தையை அவரே அணைத்துக்கொள்கிறாரா, உடன் வந்தவரிடம் நீட்டிவிடுகிறாரா என்பதையும் பாருங்கள். இரண்டு மாதம் நிறைந்த குழந்தை பொதுவாக முகம் பார்த்துச் சிரிக்கும். சிரிக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆனால் ஒருமுறை பார்த்ததை வைத்துத் தாயைப் பற்றி முடிவுகட்டுவது தவறு. இரவெல்லாம் விழித்துவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்தவராகவும் அவர் இருக்கலாம். அடுத்த முறையும் அப்படியே இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

வளர்ச்சி அட்டையிலும் ஒற்றைப் புள்ளியை விடக் கோட்டின் போக்கே முக்கியம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை முதல் வாரத்தில் குறைந்து, இரண்டு வாரத்திற்குள் மீண்டு, ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காவது வழக்கமான வளர்ச்சி. கோடு படுத்துவிட்டால் முதலில் நோயைத் தேடுங்கள்; பிறகு பாலூட்டலைப் பற்றிக் கேளுங்கள். "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், "தாய்ப்பால்தான்" என்ற மனப்பாடமான பதிலே வரும். "நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள், அப்போது என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால்தான் தண்ணீர் கலந்த பசும்பாலும் சர்க்கரைத் தண்ணீரும் பேச்சில் வரும். அதைக் கேட்டுக் கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மை வராது; சில நேரம் தாயே வரமாட்டார்.

14ஆவது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு அடுத்த தவணை ஒன்பதாம் மாதத்தில்தான் வருகிறது. பிள்ளை பெற்றவர் தாய்வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குத் திரும்புவதும், ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்குவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தாங்கிப் பிடித்த கைகள் விலகும் நேரத்தில் நம் கண்ணும் விலகிவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆகவே 14ஆவது வாரத்தன்றே, "எப்போது புகுந்த வீட்டுக்குப் போகிறீர்கள், அங்கே பகலில் உடன் யார் இருப்பார்கள்?" என்று கேட்டு, ஆறாம் மாத வீட்டுச் சந்திப்புக்கு நாள் குறித்துவிடுங்கள், வேறு ஊருக்குப் போகிறார் எனில் அங்குள்ள செவிலியரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

தாயிடம் கேட்கும் கேள்விக்கு மாமியார் பதில் சொன்னால், காய்ச்சல் மருந்து வாங்கி வரும்படி அவரை அனுப்பிவிட்டு, "குழந்தை தூங்கும்போதாவது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?" என்று தாயிடம் கேளுங்கள். பேறுக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் அது நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். இந்த மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்ற வினாப்பட்டியலில் கடந்த ஏழு நாட்களைப் பற்றிய 10 கேள்விகள் உள்ளன. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எதுவாயினும் மருத்துவர் பார்க்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நாள்கணக்கில் உறங்காமல், தொடர்பற்றுப் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமான சந்தேகங்களைச் சொல்பவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இன்னும் புரளாத குழந்தையின் உடலில் கன்றிய காயம் தானாக ஏற்படுவது அரிது. அதையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே காணப்படும் நீலத் திட்டுகளைக் காயமென்று எண்ணி வீட்டாரைக் கலங்கடித்துவிடாதீர்கள்.

பதிவேட்டில் "அக்கறையற்ற தாய்" என்று எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுங்கள்: "இருமுறையும் முகம் பார்க்கவில்லை, எடை கூடவில்லை, இரவில் தனியாக இருக்கிறார்." மனநல ஆலோசனைக்கான 14416, குடும்ப வன்முறை எனில் 181 ஆகிய எண்களை அட்டையின் பின்புறம் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். கணவரின் கையில் அட்டை அகப்படும் என்று அவர் அஞ்சினால், எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லி, ஒருமுறை திருப்பிச் சொல்லவும் கேளுங்கள்.