இடுப்பு மூட்டுத் தேய்மானத்தை ஆரம்பத்திலேயே கண்டறிவது எப்படி?

‘இடுப்பு வலிக்கிறது’ என்று நோயாளி சொன்னால் பெரும்பாலும் கீழ்முதுகைத்தான் குறிக்கிறார். தொடையெலும்பு இடுப்பெலும்புடன் சேரும் இடுப்பு மூட்டு தேயத் தொடங்கியவரோ தொடை வலி, கவட்டையில் பிடிக்கிறது, ஏன், முட்டி வலி என்றுகூடச் சொல்வார். எனவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முதலில் வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் கவட்டைப் பக்கமும் இருக்குமாறு இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டினால் மூட்டையே சந்தேகிக்கலாம். வெளிப்பக்க எலும்பு முனையைத் தொட்டுக் காட்டி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்பவருக்குத் தசைநாண் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கால் நகம் வெட்டுவது, சம்மணமிடுவது, குந்தி எழுவது ஆகியவற்றில் எது கடினமாகிவிட்டது என்று கேளுங்கள். பல மாதங்களாக முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிட்டு, மூன்று முழங்கால் எக்ஸ்-ரேக்களுடன் என்னிடம் வந்த பூக்கட்டும் பெண்மணி ஒருவர், தரையில் உட்கார்ந்து செய்த வேலையை முக்காலிக்கு மாற்றிக்கொண்டதை நான் கேட்ட பிறகே சொன்னார். முழங்காலில் வீக்கமோ தொடுவலியோ இல்லை. தொடையை உட்புறமாகச் சுழற்றியதும், “இதே வலிதான்” என்றார். முழங்கால் வலி என்று வருபவருக்கு இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்காமல் விடவே கூடாது.

மூட்டின் அசைவுகளில் முதலில் குறைவது பெரும்பாலும் இந்த உட்சுழற்சிதான். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது என்பதில் பலருக்கும் குழப்பம் வருகிறது. மற்றொரு கையை இடுப்பெலும்பின் மேல் வைத்திருந்தால், அந்த எலும்பு மேலெழத் தொடங்கும் இடமே அசைவின் எல்லை என்பது தெரிந்துவிடும். வலியில்லாத காலை முதலில் சோதித்தால் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும், நோயாளியின் பயமும் தணியும். அமெரிக்க வாத மருத்துவக் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 1991ஆம் ஆண்டு வரையறை, 15 பாகைக்குக் குறைவான உட்சுழற்சியையும் 115 பாகைக்கு மேல் மடங்காத இடுப்பையும் முக்கியமாகக் கொள்கிறது. ஆனால் அது முற்றிய நோயாளிகளைப் பிரித்தறிய வகுக்கப்பட்டது. ஆரம்ப நிலையில் அளவு இயல்பாக இருந்து, சுழற்சியின் முடிவில் கவட்டையில் வலி மட்டும் வரலாம். குந்தும்போது பின்பக்கம் வலிப்பதும், காலை அகற்றும்போதோ உட்புறம் சேர்க்கும்போதோ கவட்டை வலிப்பதும் சந்தேகத்தை வலுப்படுத்தும்.

வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடினால் வலி, காலை நேரத்தில் மூட்டு விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் விலகிவிடுகிறது, வேறு நோய்க்கான தடயமும் இல்லை என்றால், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் (NICE) வழிகாட்டுதல்படி எக்ஸ்-ரே இல்லாமலேயே தேய்மானம் என முடிவு செய்யலாம். எக்ஸ்-ரே இயல்பாக இருப்பதைக் காட்டி நோயில்லை என்று அனுப்பிவிடுவதே நான் அதிகம் கவலைப்படும் தவறு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அடிக்கடி வலித்த இடுப்பு மூட்டுகளில் 15.6 சதவீதத்தில் மட்டுமே படத்தில் தேய்மானம் தெரிந்தது.

ஆனால் சிலருக்கு எக்ஸ்-ரே படமும் மேல்சிகிச்சைக்கான பரிந்துரையும் உடனே வேண்டும். இரவில் ஓயாத வலி, காய்ச்சல், எடை இழப்பு இருந்தால் மூட்டுக் காசநோயையும் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர், அதிகம் மது அருந்துபவர் ஆகியோருக்குத் தொடையெலும்புத் தலை இரத்த ஓட்டமின்றிச் சிதைந்திருக்கலாம். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாத முதியவருக்கு எலும்பு முறிவு இல்லை என்பதை அன்றே உறுதி செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்கு உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் தொடங்கிவைத்து, இரு கால்களின் உட்சுழற்சி அளவையும் பாகைக் கணக்கில் நோயாளியின் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அவரைச் சோதிப்பவர் வேறொரு மருத்துவராகவும் இருக்கலாம்.