கடலா கரையா? போர் விளையாட்டுக்கு வரைபடம் கீறும்போது

1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்ததை மேசையில் இரண்டு பேர் விளையாடுவதற்காக ஒரு வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் கரை நெளிந்து நெளிந்து போவது. முதல் வரைபடத்தில் அதை அப்படியே கீறினேன். காய் நகர்த்துவதற்காக அதன்மேல் போட்ட அறுகோணக் கட்டங்களில் பல, பாதி கடல் பாதி கரை. "மாமா, இதில் ஆள் நிற்கலாமா, கப்பல் நிற்கலாமா?" என்று மருமகன் காய்க்குக் காய் கேட்டான்.

இப்போது கட்டத்தின் நடுப்புள்ளியைப் பார்க்கிறேன். அது தண்ணீரில் விழுந்தால் முழுக் கட்டமும் கடல். கரைக்கோட்டை கட்டத்தின் பக்கங்களோடு வளைத்துவிடுகிறேன். ஆறு வந்தாலும் இப்படித்தான்; வீதி மட்டும் நடுவால் போகட்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இந்த விதியைப் போடக் கூடாது. கோட்டை நிற்கும் நிலமுனை ஒடுங்கலானது. ஒரு பக்கம் டச்சுக் குடா, மறுபக்கம் பின்குடா. நடுப்புள்ளிக் கணக்கில் இரண்டு குடாவும் சேர்ந்து கோட்டை தீவாகிவிட்டது! தரைவழியாக முற்றுகையிட்ட கோட்டையைத் தீவாக்கினால் விளையாட்டே பொய். அந்தக் கழுத்துக்கு ஒரு கட்டத்தை நானே நிலமாகக் கொடுத்தேன். அளவு கொஞ்சம் பிசகும், பிசகட்டும்.

அப்புறம் காயின் அளவு. என் காய் 13 மி.மீ., கட்டம் 19 மி.மீ. காயை நடுவில் வைத்தால் சுற்றிவர 3 மி.மீ. மட்டுமே தெரியும். மரத்தை நடுவில் கீறினால் காய்க்கு அடியில் மறைந்துவிடும். ஆகவே மரம், பாறை எல்லாம் மூலைகளில்; கட்ட எண் மேல் ஓரத்தில், சின்னதாக.

நிறத்தைச் சோதிக்க வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்துப் பாருங்கள். எனக்குக் கடல் நீலமும் காட்டுப் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தன. கடலை நன்றாக வெளிறச் செய்தேன். சிவப்பு வீதியையும் கறுப்பாக்கினேன். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நிறையப் பேர். என் மைத்துனரும் அப்படித்தான். காட்டுக்குள் போன வீதி அவர் கண்ணுக்குப் படவேயில்லை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல்தான் வந்தது. 1782 வரைபடத்தில் அது திருகோணமலைக் கோட்டைதான். எதிரே இருப்பவர் தலைகீழாக வாசிக்க வேண்டியிருப்பதால் பெயரைப் பெரிதாக, கடல் பக்கமாக வெறும் இடத்தில் எழுதினேன்.